எட்டி நின்று எடுங்கள், மிச்சத்தை மேசையில் பார்த்துக்கொள்ளலாம்

மதுரையிலும் சுற்றுவட்டாரக் கண்மாய்க் கரைகளிலும் சின்னப் பறவைகளைப் படம் பிடிக்கும் நண்பர்களுக்கு,



தையல்சிட்டுக் கூட்டின் படம் ஒன்று அண்மையில் நம் ஆட்களின் கைபேசிகளில் சுற்றிவந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி இருக்கின்றன. மேலே தாய், அலகில் ஒரு பச்சைப் புழு. எடிட்டிங்கில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பின்னணி மெழுகிவிட்டது போலச் சுத்தம், தாயின் கண்ணில் ஒளிப்புள்ளி, தலையின் செம்பழுப்பு அளவாக. இதயக் குறிகள் வந்து குவிந்தன.

எனக்கு உறுத்தியது வேறு. தையல்சிட்டின் கூடு அப்படி வெட்டவெளியில் தெரியவே தெரியாது. இலைகளின் ஓரத்தை நாராலும் சிலந்தி இழையாலும் தைத்து, அந்தப் பைக்குள் பஞ்சை அடைத்து அது கட்டுகிற கூடு வெளிப்பார்வைக்கு ஓர் இலைக்கொத்துதான். படத்தில் முன்பக்கத்து இலையைக் காணோம். ஒடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நூல் போட்டு இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். எடுத்தவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் போவதும் இல்லை. அத்தனை பாராட்டில் ஒருவர்கூட அந்த இலை எங்கே போனது என்று கேட்கவில்லையே, அதனால்தான் இந்த மடல்.

இலை விலகினால் என்ன ஆகும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். மதுரை வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு ஒரு மணி நேரம் நேரடியாகக் காய்ந்தால் போதும். வெயில் விட்டாலும் காகமும் செம்போத்தும் வல்லூறும் விடாது. நாம் படத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுகிறோம். அந்தக் கூடு அன்று மாலை இருந்ததா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றால் என்ன என்று 2-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. கொல்வது, பொறிவைப்பது, பிடிப்பது எல்லாம் அதில் உண்டு. அதே வரையறைக்குள்தான் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. கவண் வைத்துக்கொண்டு கரையில் திரியும் பையனை நாம் விரட்டுகிறோம். கிளையை ஒடித்துக் கூட்டைத் திறந்தவரையும் அவனையும் சட்டம் ஒரே வரியில்தான் வைத்திருக்கிறது. இரண்டு லட்ச ரூபாய் லென்ஸ் கையில் இருப்பதால் வேறு வரி கிடைக்காது.

கூட்டுப் படம் எடுப்பது நம் தலைமுறை கண்டுபிடித்த பாவம் என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் பறவைப் படம் என்றாலே கூட்டுப் படம்தான். ஃபிலிம் மெதுவானது, லென்ஸ் குட்டையானது, கேமரா கனமானது. பறவை ஓர் இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தே தீரும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் அதன் கூடு ஒன்றுதான். சிங்கப்பூரின் சினிமா அதிபர் லோக் வான் தோ, சாலிம் அலியின் நண்பர், இந்தியாவுக்கு வந்து மரத்தின் உயரத்துக்குச் சாரம் கட்டி, அதன்மேல் கூடாரம் போட்டு உள்ளே உட்கார்ந்து எடுத்தவர். 1957-இல் அவருடைய படங்கள் புத்தகமாக வந்தன. இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங் 1937-இல் ஆந்தைக் கூட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த மறைப்பிடத்துக்குத் திரும்பிப் போனபோது தாய் ஆந்தை பாய்ந்து கீறியதில் ஒரு கண்ணையே இழந்தார். பின்னாளில் தன் வாழ்க்கைக் கதைக்குத் தலைப்பு வைக்கும்போதும் அந்தக் கண்ணை அவர் விடவில்லை. அவர்களுக்கு வேறு வழி இல்லை என்று ஒரு நியாயமாவது சொல்லலாம். நம் கையில் 600 எம்எம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்தாலும் சுத்தம் செய்யக்கூடிய மென்பொருள் இருக்கிறது. நமக்கு எந்த நியாயமும் மிச்சமில்லை.

அதனால்தான் எடிட்டிங்கைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எடிட்டிங்கை நாம் படத்துக்கு அழகு கூட்டும் வேலையாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். என்னைக் கேட்டால் அதன் முதல் உபயோகம் வேறு. நாம் பறவையிடமிருந்து தள்ளி நிற்பதற்கான விலையை மேசையில் உட்கார்ந்து கட்டிவிடலாம். பத்தடி பின்னால் நின்றால் படத்தில் என்ன குறையுமோ, அதில் பெரும்பகுதியைக் கணினி திருப்பித் தந்துவிடுகிறது.

கணக்காகவே பார்ப்போம். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு அலகிலிருந்து வால்வரை 10 செ.மீ. என்று வையுங்கள். 600 எம்எம் லென்சில் 10 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் அது சென்சாரில் 6 மி.மீ. நீளத்துக்கு விழும். முழு அளவு சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஆகவே படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் அகலம் 6000 பிக்சல் என்பதால் பறவைக்கு 1000 பிக்சல் கிடைக்கும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 1500-ஐத் தொடும். இன்ஸ்டாகிராமில் நாம் போடும் முழுப் படத்தின் அகலமே வழக்கமாக 1080 பிக்சல்தான்! பத்து மீட்டரில் நின்று எடுத்த தேன்சிட்டை நன்றாக வெட்டிப் பெரிதாக்கிப் போட்டாலும் ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

‘ஐந்து மீட்டருக்குப் போனால் இரண்டு மடங்கு கிடைக்குமே’ என்பீர்கள். கிடைக்கும். கூடவே வேறொன்று போகும். எஃப் 6.3 திறப்பில், ஐந்து மீட்டர் தூரத்தில், முழு அளவு சென்சாரில் கூர்மையாக விழும் ஆழம் வழக்கமான கணக்குப்படி சுமார் இரண்டரை செ.மீ.தான். கண் கூர்மையாக இருந்தால் வால் இருக்காது. பத்து மீட்டரில் அது 10 செ.மீ. ஆகிறது. வெட்டிப் பெரிதாக்கும்போது அதில் பாதி போய்விடும் என்று வைத்தாலும் ஐந்து செ.மீ. மிஞ்சும். பக்கத்தில் போய் எடுத்ததைப்போல இரு மடங்கு. கிட்டப் போகப்போகப் படம் நன்றாக வரும் என்பது சின்னப் பறவை விஷயத்தில் பாதி உண்மைதான். மீதிப் பாதி, கிட்டப் போனால் பறவை அதன் வேலையை விட்டுவிட்டு நம்மைப் பார்க்கும். அந்த நிமிர்ந்த கழுத்தும் ஒடுங்கிய உடம்பும் நம் படங்களில் எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் ஹார்டு டிஸ்கைத் திறந்து பாருங்கள்.

எவ்வளவு தூரம் சரி என்பதற்கு மீட்டர் கணக்கு சொல்ல முடியாது. பறவையே சொல்லிவிடும். வைகைக் கரை மண்சுவரில் வளை தோண்டி வைத்திருக்கும் பச்சைப் பஞ்சுருட்டான் அலகில் தட்டானைக் கவ்விக்கொண்டு கம்பியில் உட்கார்ந்திருக்கிறது, வளைக்குள் போகவே மாட்டேன் என்கிறது என்றால் படத்துக்கு அருமையான தோற்றம்தான். அது நமக்காக நிற்கவில்லை. நாம் நின்றுகொண்டிருப்பதால் குஞ்சுக்கு இரை கொடுக்கப் போகாமல் நிற்கிறது. அந்த நேரத்தில் இரண்டு ஃபிரேம் எடுத்துவிட்டுப் பின்வாங்குங்கள். கூடு இல்லாத காலத்தில் இதே பறவை நமக்கு எவ்வளவு அனுகூலமானது! ஒரே கம்பி, ஒரே முள். பறந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே இடத்துக்கு வரும். பழுப்புக் கீச்சானும் அப்படித்தான், கருஞ்சிட்டுக்கும் அதற்கென்று ஒரு கல் உண்டு, சிரால் மீன்கொத்திக்கு மடைப்பக்கத்துக் குச்சி. அந்த இடத்தைக் கண்டுபிடித்து வெயிலை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் பறவையே வரும். தேன்சிட்டுக்கு எருக்கும் முருங்கைப் பூவும் போதும். துரத்துகிறவனுக்கு முதுகுதான் கிடைக்கும்.

நம் ஊரில் ஆடு மேய்க்கிறவர் பறவையின் பக்கமாகவே போவார், அது அசையாது. நாம் நேராக அதையே குறிவைத்து நடப்போம், உடனே பறக்கும். அவர் அதைப் பார்ப்பதில்லை, சாய்வாக நடக்கிறார், நிற்கிறார், குனிகிறார். இதை எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித்தர மாட்டார்கள். கரையில் ஒரு காலைப்பொழுது அவருக்குப் பின்னால் நடந்தால் வந்துவிடும்.

புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குரலைக் கேட்டு வரும் ஆண் பறவை எதிரி வந்துவிட்டான் என்று இரையை விட்டுவிட்டு வருகிறது. குளிர்காலத்தில் இமயமலைப் பக்கத்திலிருந்து களைத்து வந்து சேரும் ஆறுமணிக் குருவியிடம் இந்த வேலையைக் காட்டுவது இன்னும் மோசம். இதைப் பற்றி இதற்குமேல் விளக்க எனக்கு விருப்பமில்லை.

வெளிச்சம். மதுரையில் ஆண்டு முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. மார்கழி தையில் கொஞ்சம் பிந்தும். அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் நமக்கானது. பங்குனி, சித்திரையில் எட்டரை மணிக்கெல்லாம் காய்ந்த கண்மாய்த் தரையிலிருந்து கானல் எழும்பிவிடும். நீள லென்சின் வழியாகப் பார்த்தால் பறவையின் விளிம்பு நெளியும். அப்போது எடுத்த படம் மென்மையாக இருக்கிறதே, லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியவர்கள் உண்டு. லென்சில் ஒன்றுமில்லை, காற்றில்தான். நாய்ஸை மென்பொருள் எடுத்துவிடும். கானலை எந்த மென்பொருளும் சரியாக எடுக்காது, எடுத்தேன் என்று காட்டுவது கற்பனை இறகு. பையை மூடிவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிற நேரம் அது.

இதிலிருந்து ஒரு சின்ன விதி கிடைக்கிறது. விடியலில் வெளிச்சம் போதவில்லை என்று ஷட்டரைக் குறைக்காதீர்கள், ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். தையல்சிட்டும் கதிர்க்குருவியும் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போதே வால் ஆடும். 1/1000 வேண்டும், பறக்கும்போது 1/2500. நாய்ஸ் மேசையில் தீரும் வியாதி. அசைவில் கலைந்த படம் தீராது.

இனி மேசைக்கு வருவோம். ரா ஃபைலில் எடுக்கிறீர்கள்தானே? 14 பிட் ரா என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். ஜேபெக் தருவது 256. கருஞ்சிட்டு ஆணை எடுத்துப் பாருங்கள். கண்மாய்த் தண்ணீரின் வெளிச்சத்துக்கு முன்னால் அது வெறும் கறுப்பு நிழல். ரா ஃபைலில் நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கினால் கறுப்புக்குள் ஒரு நீலப் பளபளப்பு எழுந்து வரும். அது அங்கே இருந்தது, வெறுங்கண்ணும் பார்த்தது, கேமரா மட்டும்தான் விட்டுவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவருவதில் எந்தத் தப்பும் இல்லை. இன்னும் தூக்கினால் கறுப்பு சாம்பலாகிவிடும், அப்போது அது கருஞ்சிட்டே இல்லை. வெண்புருவ வாலாட்டியில் எதிர்ப்பக்கச் சிக்கல், புருவத்தின் வெள்ளை வெந்துபோனால் எந்த ஸ்லைடராலும் மீட்க முடியாது. எடுக்கும்போதே அரை ஸ்டாப் குறைத்துவிடுங்கள்.

என் வரிசை இது. முதலில் நாய்ஸ், அதற்குப் பிறகுதான் கூர்மை. மாற்றிச் செய்தால் நாய்ஸையும் சேர்த்துக் கூர்மையாக்கி வைப்போம். கூர்மையை மாஸ்க் போட்டுப் பறவைக்கு மட்டும் கொடுங்கள், பின்னணிக்குத் தேவையில்லை. இறகின் விளிம்பில் வெள்ளைக் கோடு எழுந்துவிட்டால் எல்லை தாண்டியாயிற்று, பாதியாகக் குறையுங்கள். பின்னணியை மங்கலாக்கும் பொத்தானை நான் தொடுவதில்லை. முள்ளின் நுனியும் இறகின் ஓரமும் அதில் கரைந்து, பறவை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. சீமைக்கருவேல முள் குறுக்கே இருக்கிறதா? இருக்கட்டும். மதுரைப் பறவை மதுரை முள்ளில்தான் உட்காரும்.

நிறம்தான் இதில் பெரிய இடறல். தேன்சிட்டின் தொண்டையில் உள்ள ஊதாவும் மீன்கொத்தி முதுகின் நீலமும் சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதாலும் கலப்பதாலும் பிறக்கும் நிறம். தேன்சிட்டு தலையைத் திருப்பினால் தொண்டை கறுப்பாகிவிடும், இன்னும் திருப்பினால் ஊதா மின்னும். அது கறுப்பாக இருந்த நொடியில் எடுத்த படத்தில் சாச்சுரேஷனைத் தள்ளி ஊதாவை வரவழைப்பது, அந்த நொடியில் அந்தப் பறவை செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்வது. தவிர, அமைப்பால் வரும் நிறத்தில் ஒரே நீலம் இருக்காது, இழைக்கு இழை மாறும். சாச்சுரேஷன் எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பெயின்ட் அடித்துவிடும். நம் மீன்கொத்திப் படங்கள் பலவும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அழகுக்காகச் செய்வதில் அடையாளமே மாறிப்போவதும் உண்டு. சிரால் மீன்கொத்தியில் ஆணுக்கு அலகு முழுக்கக் கறுப்பு, பெண்ணுக்குக் கீழ் அலகு ஆரஞ்சுச் சிவப்பு. சேறு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அந்த ஆரஞ்சைத் துடைத்தால் பெண் ஆணாகிவிடும். தென்னிந்தியாவில் குளிர்காலம் கழிக்கும் கிரீனிஷ் வார்ப்ளர், கிரீன் வார்ப்ளர் இரண்டையும் பிரிப்பதில் அடிவயிற்றில் எவ்வளவு மஞ்சள் என்பது ஒரு முக்கிய அடையாளம். மஞ்சளை இழுத்து வைத்தால் ஒன்று மற்றொன்றாகும். கருவேல மர நிழலில் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் போட்டாலும் எல்லாம் பச்சைப்பக்கம் சாயும். பழுப்புக் குருவி ஒன்று அங்கே ஆலிவ் நிறமாகத் தெரியும். அதைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். பக்கத்தில் காய்ந்த மண்ணோ சாம்பல் நிறக் கல்லோ இருந்தால் அதைப் பார்த்துத் திருத்துங்கள், நம் ஆசையைப் பார்த்து இல்லை. இனப்பெருக்க மஞ்சளை இழந்துகொண்டிருக்கும் தூக்கணாங்குருவி ஆணுக்குக் கிரீடத்தைத் திருப்பிச் சூட்டி விடாதீர்கள். அது அப்போது மங்கலாக இருப்பதுதான் செய்தி.

எடிட்டே செய்யக் கூடாது என்று சொல்லும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. இருட்டறையில் என்லார்ஜருக்குக் கீழே கையால் நிழல் காட்டி ஓர் இடத்தில் வெளிச்சத்தைக் குறைத்ததும், ஓட்டை போட்ட அட்டையால் இன்னோர் இடத்தில் கூட்டியதும் எடிட்டிங்தான். நம்மூர் ஸ்டுடியோக்களில் நெகட்டிவின்மேல் பென்சிலால் டச்சிங் செய்யாமல் ஒரு கல்யாணப் படமும் வெளியே போனதில்லை. மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்கிறேன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் சாகும்வரை பத்தி எழுதியவர், தமிழிலும் பறவைகளைப் பற்றி எழுதியவர். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். வெவ்வேறு பாகங்களைத் தாமே சேர்த்துப் பொருத்திக்கொண்ட கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர்வேறு வைத்தார். கறுப்பு வெள்ளையே உலகத்திலிருந்து நிறத்தை எடுத்துவிடும் மிகப் பெரிய மாற்றம். ஆனாலும் அவருடைய யானைப் படத்தில் யானை செய்யாத எதுவும் இல்லை. மாற்றினாரா இல்லையா என்று கேட்டுப் பயனில்லை. எதை மாற்றினார் என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு உலகம் சில முறை கடுமையாகப் பதில் சொல்லியிருக்கிறது. 1982-இல் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ அட்டைக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக எகிப்துப் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்து வாங்கிக்கட்டிக்கொண்டது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வனவுயிர்ப் படப் போட்டியில் வேலியைத் தாண்டும் ஓநாய்க்குக் கொடுத்த 2009-ஆம் ஆண்டுப் பரிசை, அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கக்கூடும் என்று 2010-இல் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017-இல் பரிசு வாங்கிய எறும்புதின்னி, பஞ்சடைத்துப் பாடம் செய்த உடல்தான் என்று 2018-இல் முடிவுக்கு வந்தார்கள். கடைசி இரண்டிலும் எடிட்டிங்கில் ஒரு குற்றமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏமாற்று கேமராவுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. நம் தையல்சிட்டுப் படத்தைப்போல.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நாய்ஸை நீக்கும் கருவி ஒன்று. பறவைக்கு 1000 பிக்சல் இருக்கும்போது அது நேர்மையாகவே வேலை செய்கிறது. 150 பிக்சல் மட்டும் இருந்தால், லட்சக்கணக்கான வேறு படங்களில் கற்ற இறகை இங்கே ஊகித்து வரைகிறது. சாம்பல் கதிர்க்குருவியின் மார்பில் இல்லாத வரிகள் முளைப்பதை இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் நீங்களே பிடித்துவிடலாம். இன்னொன்று, காலியிடத்தில் கிளையையும் பூவையும் இரண்டாவது பறவையையும் வரைந்து தரும் கருவி. அதைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று தடுக்க நான் யார்? படம் என்று மட்டும் போடாதீர்கள், ஓவியம் என்று போடுங்கள். கண்ணில் ஒளிப்புள்ளியை ஒட்டவைப்பதும் இரண்டாவது வகைதான், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். ஒளிப்புள்ளி இருந்தால் கொஞ்சம் தூக்கலாம். இல்லையென்றால் இல்லை.

இவ்வளவு கறாராக ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம், நாம் என்ன விஞ்ஞானிகளா என்று. அரிட்டாபட்டியைப் பாருங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரு ஊர்களிலும் சேர்த்துச் சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏழு குன்றுகள், ஏராளமான நீர்நிலைகள், சுனைகள், இவற்றோடு சுமார் 250 வகைப் பறவைகள், அவற்றில் லகார் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் போனெல்லியின் கழுகும் உண்டு என்று சொல்லித்தான் அந்த அறிவிப்பு வந்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்கள் திரண்டன, டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராடி வென்றது ஊர் மக்கள். அதில் நமக்குப் பங்கு என்று மார்தட்ட ஒன்றுமில்லை. ஆனால் இங்கே என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கும்போது எடுத்து வைக்கக் கையில் பட்டியல் வேண்டும், பட்டியலை நம்ப வைக்கப் படம் வேண்டும். ஊரறிந்த அரிட்டாபட்டிக்கு ஒரு பட்டியல் கிடைத்துவிட்டது. சுற்றிலும் எத்தனையோ கண்மாய்களுக்கு அது இன்னும் இல்லை. ஒரே ஒரு படத்தில் நிறம் இழுத்தது தெரிந்துவிட்டால் மற்ற நூறு படங்களையும் எதிர்த்தரப்பு வக்கீல் சந்தேகப்படுவார்.

2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம்மில் பலரும் கலந்துகொள்கிறோம், இ-பேர்டில் பட்டியல் போடுகிறோம். அங்கே ஏற்றும் படம் ஆவணம். அதற்கு வெளிச்சமும் வெட்டும் போதும். வாட்டர்மார்க்கை நடுவில் போட்டு இறக்கையின் பட்டையை மறைக்காதீர்கள். இன்ஸ்டாகிராமுக்கு வேண்டிய வேலைப்பாட்டைத் தனிப் பிரதியில் செய்துகொள்ளுங்கள். ரா ஃபைலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்க வேண்டாம். இன்று கதிர்க்குருவி என்று ஒதுக்கியது பத்தாண்டு கழித்து வேறொன்றாக அடையாளம் காணப்படலாம், அப்போது தேவைப்படும்.

கூடு, ஆந்தைப் பொந்து, ஆறுமணிக் குருவி தங்கும் புதர் ஆகியவற்றின் இடத்தைப் படத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். கைபேசியில் எடுத்த படமென்றால் ஜிபிஎஸ் அதற்குள்ளேயே பதிந்திருக்கும், அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள். சில்லைகளையும் கிளிகளையும் பிடித்து விற்பவர்களும் நம் பதிவுகளைப் பார்க்கிறார்கள்.

மதுரையிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடி இருக்கிறது, 1977 முதல் சரணாலயம். பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் கூடு வைத்திருக்கும் கொக்கு, நாரைகளுக்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வெடி இல்லாமல் தீபாவளி கொண்டாடுகிறார்கள். நம்மால் ஐந்து மீட்டர் பின்னால் தள்ளி உட்கார முடியாதா?

ஒரு யோசனை. வரும் பொங்கல் கணக்கெடுப்புக்கு முன்னால், மார்கழியில் ஒரு ஞாயிறு, கரையில் வெயில் ஏறிய பிறகு எல்லோரும் ஓர் இடத்தில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு ரா ஃபைலும் அதன் எடிட் செய்த பிரதியும் லேப்டாப்பில் கொண்டுவாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எங்கே நிறுத்தியிருக்கலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். புதிதாகக் கேமரா வாங்கிய கல்லூரிப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிவாருங்கள். நம்மைவிட அவர்களுக்கு மென்பொருள் நன்றாகத் தெரியும், பறவையை நாம் சொல்லித்தரலாம். கூட்டுப் படங்களை இனி நம் வட்டத்தில் பகிர்வதில்லை என்று முடிவெடுக்கலாமா என்பதையும் அன்றே பேசிவிடுவோம். எனக்கு அதில் சந்தேகமில்லை. உங்களில் சிலருக்கு இருக்கும் என்று தெரியும், குறிப்பாகத் தூக்கணாங்குருவிக் கூட்டைத் தூரத்திலிருந்து எடுப்பதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வந்து வாதாடுங்கள். டீயும் வடையும் என் செலவு.

அன்புடன்,
கரையில் உங்களுக்குப் பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவன்